புரி போன போல்ட்: எஞ்சின் பாகத்தை வீச முன் அளந்து பாருங்கள்

கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கடையிலும் ஹோட்டலிலும்தான் நிற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கமும் வெள்ளவத்தைப் பக்கமும் கராஜ்களில் ஸ்பானர் பிடித்துத் தொழில் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்திலேயே ஓட்டோவோ வானோ சின்ன லொறியோ வைத்து, மாதாமாதம் லீசிங் கட்டிக்கொண்டு பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. இந்த இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு தலைவலி உண்டு. "போல்ட் இறுகுதில்ல, சும்மா சுத்துது" என்பதுதான் அது.

பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஒரு வானின் வோட்டர் பம்பைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு 8 மில்லிமீற்றர் போல்ட் சரியாக இறுகாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கொழும்பின் மட்டமான வீதியில் ஒன்றும் தெரியாது. கினிகத்தேனை ஏற்றத்தில் தண்ணீர் கசியத் தொடங்கும். எஞ்சின் சூடேறும். கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் எரிந்து போகும். கையளவு கூட இல்லாத போல்ட் ஒன்றால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதனால் பழைய வாகனங்களை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை பலருக்கு. "இது சரிவராது, புதுசு போடு" என்று ஒருவர் சொன்னவுடன் பஞ்சிகாவத்தைக்கு ஓட முன்பு, புரி போன பாகத்தைத் திருத்த முடியுமா என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் முடியும். எப்படி என்பதைத்தான் இம்முறை விளக்குகிறோம்.

புரி என்றால் என்ன?

போல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் வரியைத்தான் புரி என்கிறோம். சிலர் மரை என்பார்கள். சிங்களம் பேசும் பாஸ்மார் 'பொட' என்பார்கள். போல்ட்டின் வெளியே ஒரு புரி, துவாரத்தின் உள்ளே ஒரு புரி. இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால்தான் பிடிப்பு.

போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பர் போல மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. இந்த இழுவையை எல்லாப் புரிகளும் சமமாகத் தாங்குவதில்லை. முதலாவது புரியே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அது விட்டுப்போனால் அடுத்த புரிக்குச் சுமை கூடும், அதுவும் விடும். அதனால்தான் புரி போகும்போது "கடக்" என்று ஒரேயடியாகப் போய்விடுகிறது.

ஏன் போகிறது?

முதல் காரணம் உலோகம். இப்போதைய எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட், பல எஞ்சின்களில் புளொக் எல்லாமே அலுமினியம். போல்ட் உருக்கு. மெதுவானதும் கடினமானதும் மோதினால் மெதுவானதுதான் தோற்கும். போல்ட் நன்றாக இருக்கும், துவாரத்தின் புரி உரிந்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு வரும். கழற்றிய போல்ட்டின் புரியிடையே வெள்ளிக் கம்பி போல அலுமினியத் துகள் சிக்கியிருந்தால், போனது துவாரத்தின் புரிதான் என்று அறியலாம்.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய பலம். 6 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றுக்கு அலுமினியத்தில் ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். இது எவ்வளவு? 15 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 7 கிலோ பாரம் தொங்கினால் வருகிற இறுக்கம். அதாவது அரை நாள் கூடப் பறிக்காத ஒரு கொழுந்துப் பையின் பாரம். ஸ்பானரில் குழாயை மாட்டி 45 சென்ரிமீற்றர் ஆக்கினால் அதே இழுவை மூன்று மடங்காகும். "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று சொல்கிற இடத்தில்தான் புரி போகிறது.

மூன்றாவது, கோணலாக ஏற்றுவது. போல்ட்டை முதலில் விரலால்தான் திருக வேண்டும். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போகாவிட்டால் அது நேராக ஏறவில்லை என்று அர்த்தம். அப்போது ஸ்பானர் போட்டால் புரி குறுக்கே வெட்டுப்படும்.

நான்காவது, துரு. வெள்ளவத்தை கடற்கரையோரம். கடற்காற்றின் உப்பு ஈரம் உருக்கும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப் போகும். போல்ட்டும் துவாரமும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பலவந்தமாகக் கழற்றினால் போல்ட்டோடு புரியும் சேர்ந்து வரும். ஊறும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகும்.

தொழிற்சாலைப் போல்ட் வாகனத்துக்கு ஆகாது

ஐந்தாவது காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது தோட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்குப் புரி வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டுக்குப் பொருந்தாது. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. போல்ட்டின் பருமனுக்கு ஏற்ப ஓர் அங்குலத்துக்கு இத்தனை புரி என்று கணக்கு. பிரித்தானியாவில் செய்து இங்கே வந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்கள் அந்த அங்குலக் கணக்கு வழியில் வந்தவை. பெல்ஃபாஸ்ட் நகரில் டேவிட்சன் கம்பனி செய்த 'சிரோக்கோ' உலர்த்தி போன்றவற்றைப் பார்த்த நம் தொழிற்சாலைத் தோழர்களுக்கு இந்த அங்குலக் கணக்கு புதிதல்ல.

ஆனால் நம் வீதிகளில் ஓடும் ஜப்பான், இந்திய வாகனங்களில் மில்லிமீற்றர் புரி. கோணம் 60 பாகை. இப்போது கணக்கைப் பாருங்கள். 5/16 அங்குல விட்வர்த் போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு அது 8 மில்லிமீற்றர் போல்ட் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் புரிக்குப் புரி இடைவெளி 1.41 மில்லிமீற்றர். சாதாரண 8 மில்லிமீற்றர் போல்ட்டின் இடைவெளி 1.25 மட்டுமே. முதல் சுற்று ஏறும். நாலு சுற்றுக்குள் அரைப் புரி தள்ளிப்போய்விடும். பிறகு இறுக இறுக அது துவாரத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகும்.

மில்லிமீற்றர் போல்ட்டுக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. 10 மில்லிமீற்றர் போல்ட்டில் 1.5 இடைவெளியும் வரும், ஜப்பான் வாகனங்களில் 1.25 இடைவெளியும் வரும். ஆகவே "கைக்கு வந்த போல்ட்டைப் போடு" என்ற பழக்கத்தை விட வேண்டும். கழற்றும் போல்ட்டுகளை ஓர் அட்டைப் பெட்டியில் துளை போட்டு, எந்த இடத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே குத்தி வையுங்கள். நீளமும் மாறாது, புரியும் மாறாது.

எந்தச் சேதத்துக்கு எந்த வைத்தியம்?

முதலில் அளக்க வேண்டும். பருமனுக்கு வேர்ணியர் அளவுகோல், இடைவெளிக்குப் பல் பல்லாக இருக்கும் புரி அளவுத் தகடு. இந்த இரண்டும் இல்லாமல் புரி வேலை தொடங்குகிற இடத்தில் உங்கள் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

முதல் புரி மட்டும் நசுங்கியிருந்தால் அதே அளவு டெப் ஒன்றை விட்டுச் சீர்ப்படுத்தினால் போதும். டெப் என்றால் தண்ணீர்க் குழாய் அல்ல, துவாரத்துக்குள் புரி வெட்டும் கருவி.

துவாரத்தின் வாய்ப்பக்கப் புரி போய், அடியில் நல்ல புரி மிஞ்சியிருந்தால், சற்று நீளமான போல்ட் அந்த நல்ல புரியைப் பிடிக்கும். அலுமினியத்தில் போல்ட்டின் பருமனைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் புரி பிடிக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட் என்றால் 12 முதல் 16 மில்லிமீற்றர். ஆனால் போல்ட்டின் நுனி துவாரத்தின் அடியில் போய் முட்டக் கூடாது. முட்டினால் இறுகிய மாதிரி இருக்கும், பாகம் ஆடும்.

புரி முழுதாகப் போயிருந்தால் கம்பிச் சுருள் போடுவதே சிறந்த வழி. ஹெலிகொயில் என்ற பெயரில் பலரும் அறிந்தது இதுதான். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் விமான எஞ்சின்களில் பயன்பட்ட முறை இது. துரு ஏறாத உருக்குக் கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றியிருப்பார்கள். அதன் உள்பக்கமே புதிய புரி. மெதுவான அலுமினியத்துக்குப் பதில் போல்ட் இப்போது உருக்கைத்தான் பிடிக்கிறது. அளவாகப் போட்டால் பழைய புரியை விடப் பலமாகவே இருக்கும்.

துவாரமே சிதைந்து வெடித்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஆர்கன் வெல்டிங்கில் நிரப்பி, மட்டம் செய்து, புதிதாகப் புரி வெட்ட வேண்டும். இது வீட்டிலோ லயத்து வாசலிலோ செய்கிற வேலை அல்ல.

கம்பிச் சுருள் போடும் முறை

வோட்டர் பம்பின் 8 மில்லிமீற்றர், 1.25 இடைவெளித் துவாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. கண்ணாடி போடுங்கள். மூக்குக்கண்ணாடி அல்ல, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. அலுமினியத் துகள் கண்ணில் பட்டால் எடுப்பது கஷ்டம். பக்கத்தில் உள்ள மற்றத் துவாரங்களைத் துணியால் அடையுங்கள்.

2. துவாரத்தின் ஆழத்தை ஒரு கம்பியால் அளந்து, ட்ரில் ஊசியில் அதே அளவில் ஒட்டு நாடா சுற்றுங்கள். நாடா துவாரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மீறினால் தண்ணீர் ஓடும் அறைக்குள் ஓட்டை விழலாம்.

3. கிட் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு ஊசியால் பழைய புரியைத் துளைத்து எடுங்கள். 8 மில்லிமீற்றர் சுருளுக்கு 8.3 அல்லது 8.4 வரும். 6க்கு 6.3 வரும். கண் அளவுக்கு ஊசி எடுக்கக் கூடாது. ட்ரில் செங்குத்தாக நிற்க வேண்டும். பாகத்தைக் கழற்ற முடிந்தால் மேசை ட்ரில்லில் வைத்துத் துளைப்பதே நல்லது. கோணலாகத் துளைத்தால் அதன் பிறகு செய்வதெல்லாம் கோணலாகவே வரும்.

4. கிட்டோடு வரும் விசேஷ டெப்பால் புரி வெட்டுங்கள். சாதாரண 8 மில்லிமீற்றர் டெப் இதற்கு உதவாது. சுருள் உட்கார வேண்டிய துவாரம் அதைவிடப் பெரியது. அலுமினியத்துக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் வெட்டு வழுவழுப்பாக வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. பின்னே திருப்புவது துகளை உடைப்பதற்கு. டெப் இறுகினால் பலவந்தம் வேண்டாம், வெளியே எடுத்துத் துடையுங்கள். துவாரத்துக்குள் டெப் முறிந்தால் அதை எடுப்பது போல்ட் எடுப்பதை விடப் பெரிய பாடு.

5. துகள் முழுவதையும் வெளியேற்றுங்கள். அடி மூடிய துவாரத்தில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கக் கூடாது. திரவம் நசுங்காது. மேலிருந்து போல்ட் இறுகும்போது அந்த அழுத்தத்தில் அலுமினியம் வெடிக்கும்.

6. சுருளைக் கிட்டில் உள்ள கருவியில் மாட்டி, கையால் திருகி இறக்குங்கள். மேல் மட்டத்திலிருந்து கால் சுற்றோ அரைச் சுற்றோ உள்ளே போய் நிற்க வேண்டும். சுருள் துவாரத்தை விடச் சற்றுப் பருமனானது. உள்ளே போனதும் விரியப் பார்க்கும். அந்த விரிவுதான் அதன் பிடி. பசை தேவையில்லை.

7. சுருளின் அடியில் குறுக்கே ஒரு சின்ன நாக்கு இருக்கும். குச்சியால் ஒரு தட்டுத் தட்டி அதை முறித்து, காந்தத்தாலோ குறட்டாலோ வெளியே எடுங்கள். எடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

8. போல்ட்டை விரலால் திருகிப் பாருங்கள். வழுவழு என்று அடி வரை போக வேண்டும். துவாரம் தண்ணீர் அறை வரை போகிற எஞ்சின் என்றால் போல்ட்டின் புரியில் சீலர் பூசுங்கள். பிறகு டோர்க் ரெஞ்சால் அந்த வாகனத்தின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பிளக் துவாரம் தனிக் கதை

ஸ்பார்க் பிளக் துவாரத்தில் விழும் துகள் நேரே சிலிண்டருக்குள் போகும். பிஸ்டனையும் சிலிண்டர் சுவரையும் கீறிவிடும். அதனால் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே பத்திரம். பிளக் துவாரத்துக்குக் கம்பிச் சுருளை விட, முழு உருக்குக் குழல் போலச் செய்த புஷ் போடுவதைப் பலர் விரும்புகிறார்கள். அதில் முறித்து எடுக்க வேண்டிய நாக்கு கிடையாது. பிளக்கைக் கழற்றும்போது சுருள் கூடவே சுற்றி வரும் தொல்லையும் இல்லை. இதைவிட முக்கியம், எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றாமல் இருப்பது. ஆறிய பிறகு கழற்றினாலே பாதிப் பிளக் புரிகள் தப்பும்.

ஹெட் போல்ட்டின் புரி போயிருந்தால் அனுபவமுள்ள எஞ்சின் பட்டறைக்கே கொடுங்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் முழுவதையும் பிடித்து வைப்பது அந்தப் போல்ட்டுகள். பல வாகனங்களில் அவை ஒரு தடவைக்கு மட்டுமே. கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

ஏமாற வேண்டாம்

சில இடங்களில் போல்ட்டில் பிளாஸ்டிக் நாடா சுற்றி ஏற்றுகிறார்கள். சிலர் செப்புக் கம்பித் துண்டு செருகுகிறார்கள். சிலர் பசை ஊற்றி இறுக்குகிறார்கள். பெரிய போல்ட்டைச் சின்னத் துவாரத்தில் அடித்துத் திருகுகிறவர்களும் உண்டு. இவை எதுவும் திருத்தம் அல்ல. வாகனம் கராஜ் வாசலைத் தாண்டும் வரை மட்டும் பிடிக்கும்.

வாகனம் வைத்திருப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். "போல்ட்டின் அளவு என்ன, இடைவெளி என்ன? சுருளா, புஷ்ஷா, வெல்டிங்கா போடப் போறீங்க? டோர்க் ரெஞ்ச் இருக்கா?" வேலை தெரிந்தவர் கோபப்படாமல் பதில் சொல்வார். கழற்றிய பழைய போல்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜில் நிற்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

புரி போனால் பழி முதலில் விழுவது பழகுகிற பையன் தலையில்தான். "நீதான் இறுக்கினே" என்று சம்பளத்தில் வெட்டுகிற இடங்களும் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அளவும் சொல்லிக் கொடுக்காமல், டோர்க் ரெஞ்சும் கொடுக்காமல், நஷ்டத்தை மட்டும் பிள்ளையிடம் வசூலிப்பது நியாயமல்ல. இப்படி நடந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதன் தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது, மாவட்டங்களிலும் அலுவலகங்கள் உண்டு. வேலை தருகிறவர் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழித்து, தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே படிக்கிற பிள்ளையை நிறுத்தி அனுப்பாதீர்கள். பத்து வரை படித்த பிள்ளைக்குத் தசமக் கணக்குத் தெரியும். 1.25க்கும் 1.5க்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்கலாம்.

தொழிலைச் சான்றிதழோடு பழக வழிகள் இருக்கின்றன. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை, மொரட்டுவையில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம், மலையகத்தில் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் விசாரிக்கலாம். ஏற்கனவே பல வருடம் கராஜில் வேலை செய்து, கையில் ஒரு கடதாசியும் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்து காட்டும் பரீட்சை மூலம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., பெறலாம். கொழும்பில் கராஜ் மாறும்போதும், வெளிநாடு போகும்போதும், சொந்த ஊரில் சின்னதாக ஒரு கராஜ் தொடங்கும்போதும் அது உதவும்.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நிற்கும் தம்பிமாருக்கு நாம் சொல்வது இதுதான். முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வேர்ணியரும் ஒரு புரி அளவுத் தகடும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் "இறுக்கு" என்று சொன்னால் "எவ்வளவு பாஸ்?" என்று கேளுங்கள். முதலில் ஏசுவார். பிறகு எஞ்சின் வேலை வரும்போது உங்களைத்தான் கூப்பிடுவார்.